கிடாரின் காது



தபால்தலை சேர்ப்பவர்களை நமக்குத் தெரியும். பழைய காசு, தீப்பெட்டிப் படம், கிராமபோன் தட்டு சேர்ப்பவர்களையும் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவில் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் சேர்ப்பது மின்சார கிடாரைக்கூட அல்ல, அதற்குள் கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கும் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சிறு சாமானை. அதற்குப் பெயர் பிக்கப். அதிலும், கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவருவதற்கு முன்னால், கண்டுபிடித்தவர் தன் மேஜையில் உட்கார்ந்து கையால் செய்து பார்த்த முதல் மாதிரி கிடைத்தால், அதைக் குலதெய்வத்தின் வேல் மாதிரி வைத்துப் பாதுகாப்பார்கள்.

எனக்கு கிடார் வாசிக்கத் தெரியாது. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் தொலைபேசித் துறையில் ரிலே சுருள்களோடு குடும்பம் நடத்தியவன். அதனால் இந்தச் சாமானைப் பற்றி முதலில் படித்தபோதே, ‘அட, இது நம்ம ஆள்’ என்று தோன்றிவிட்டது. ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமயிர் கனத்தில் எனாமல் பூசிய தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. அவ்வளவுதான். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. கலையும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831-ல் கண்ட விதிதான். பழைய டெலிபோன் ரிசீவரைத் திருகித் திறந்தால் உள்ளேயும் இதே காந்தமும் சுருளும்தான் இருக்கும். அங்கே அதிர்வது தகடு, இங்கே தந்தி. நரம்புத் தந்தியோ நைலான் தந்தியோ கட்டினால் இந்தக் காதுக்கு ஒன்றுமே கேட்காது.

நம் வீணைக் கச்சேரிகளில் ஒட்டவைக்கும் காண்டாக்ட் மைக் வேறு சாதி. அது கட்டையின் அதிர்வை வாங்குவது. பிக்கப்புக்குக் கட்டை பெரிதல்ல, தந்திதான் பேச வேண்டும். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கையில் இருந்த அந்தச் சின்ன எலக்ட்ரிக் மாண்டலினில் தந்திக்குக் கீழே இருந்தது இதே இனம்தான். குடமில்லாத அந்தக் கட்டையிலிருந்து அத்தனை கமகம் எப்படி வந்தது என்று வியந்தவர்களுக்கு பதில் பாதி அவர் விரலில், பாதி அந்தச் சுருளில்.

சரி, கதைக்கு வருவோம்.

ஜார்ஜ் பீச்சம் என்று ஒருவர். டெக்சாஸ்காரர், நாடக மேடைகளில் ஹவாயன் கிடாரை மடியில் வைத்து வாசித்தவர். மேடைக்காரர்கள் எல்லோருக்கும் அன்று ஒரே மனக்குறை: டிரம்மும் எக்காளமும் முழங்குகிற இடத்தில் கிடார் யார் காதிலும் விழாது. பீச்சம் முதலில் உலோகக் கூம்பு வைத்த கிடாருக்கு முதலீடு தேடி, நேஷனல் என்ற கம்பெனி உருவாகக் காரணமாக இருந்தார். அங்கே பங்காளிச் சண்டை. 1931-ல் வேலை போயிற்று. அதற்கு முன்பிருந்தே வீட்டில் மின்சாரப் பரிசோதனைகளை ஆரம்பித்திருந்தார். கிராமபோனின் பிக்கப்பைக் கழற்றி, கட்டையில் பொருத்தி, ஒற்றைத் தந்தி கட்டிப் பார்த்தார். சுருள் சுற்ற சலவை இயந்திரத்தின் மோட்டாரைப் பயன்படுத்தினார் என்று சொல்வார்கள். வேலை நடந்தது சாப்பாட்டு மேஜையில். வீட்டம்மா என்ன சொன்னார் என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை!

கடைசியில் அவர் கண்ட வழி இது: குதிரை லாட வடிவில் இரண்டு காந்தம். அவற்றுக்கு நடுவே தந்திகள் போகும். அடியில் சுருள், சுருளுக்குள் தந்திக்கு ஒன்றாக ஆறு இரும்புத் துண்டு. நேஷனலில் கூட வேலை பார்த்த பால் பார்த் இதில் உதவினார். ஹாரி வாட்சன் என்ற கைவினைஞர் மேப்பிள் மரத்தில் ஒரு கட்டை செதுக்கிக் கொடுத்தார். வட்டமான சின்ன உடல், நீளமான கழுத்து. பார்க்க அப்படியே வாணலி! ‘ஃப்ரையிங் பேன்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1931-ல் பிறந்த அந்த மரக் கிடார் இன்றும் இருக்கிறது. மின்சார கிடார் வரலாற்றில் ‘முதல் மாதிரி’ என்று சொன்னால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கருவிப் பட்டறை வைத்திருந்த அடால்ஃப் ரிக்கன்பேக்கர் கூட்டுச் சேர்ந்தார். 1932-ல் அலுமினியத்தில் வார்த்து விற்க ஆரம்பித்தார்கள். நாடு முழுக்கப் பொருளாதார மந்தம், பல ஊர்களில் மின்சாரமே இல்லை, வாங்க யார் வருவார்கள்? போதாக்குறைக்கு மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி கலைந்தது. 1935-ல் பேக்லைட்டுக்கு மாறினார்கள்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிற இடம். பீச்சம் காப்புரிமைக்கு மனுப் போட்டார். இப்போது நாம் எண் சொல்லும் அந்த மனு 1934 ஜூனில் போனது. பரிசோதகர்களுக்கு ஒரே குழப்பம். இது சங்கீத வாத்தியமா, மின்சாரச் சாதனமா? முதலில் இது வேலை செய்யுமா? கடைசியில் வாத்தியக்காரர்களையே வாஷிங்டனுக்கு அனுப்பி, அலுவலகத்துக்குள் வாசித்துக் காட்ட வைத்தார்கள். அப்படிப் போனவர்களில் ஹவாயன் கிடார் மேதை சோல் ஹூபியியும் ஒருவர். அரசு அலுவலகத்தில் கோப்பு நகரக் கச்சேரி வைக்க வேண்டியிருந்தது! காப்புரிமை கையில் வந்தது 1937 ஆகஸ்ட் 10-ல். அதற்குள் ஊரில் பாதிப் பேர் மின்சார கிடார் விற்றுக்கொண்டிருந்தார்கள். கிப்சன் கம்பெனி 1936-லேயே தன் பிக்கப்பை இறக்கிவிட்டது. பெரிய காந்தங்களைக் கிடாரின் வயிற்றுக்குள் மறைத்து வைத்த மாதிரி அது. சார்லி கிறிஸ்டியன் என்ற ஜாஸ் மேதை வாசித்ததால் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பீச்சம் மனம் விட்டுப்போய் 1940-ல் தன் பங்கை விற்றார். அடுத்த வருடம் கடலில் மீன் பிடிக்கப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார்.

குதிரை லாடப் பிக்கப்பைச் சேர்ப்பவர்கள் கையில் அளவுகோலோடு அலைவார்கள். காந்தத்தின் அகலம் ஒன்றரை அங்குலம் என்றால் போருக்கு முந்தியது; ஒன்றேகால் என்றால் பிந்தியது. கால் அங்குலத்தில் விலை எங்கோ போய்விடும்.

அடுத்து சேத் லவர். எனக்கு மிகவும் பிடித்த மனிதர். ரேடியோ ரிப்பேர்காரர், கடற்படையில் மின்னணு வேலை பார்த்தவர், 1952-ல் கிப்சனில் நிலையாக வந்து சேர்ந்தார். அன்றைய ஒற்றைச் சுருள் பிக்கப்புகளுக்கு ஒரு தீராத வியாதி இருந்தது: இரைச்சல். பக்கத்தில் டிரான்ஸ்பார்மரோ குழல்விளக்கோ இருந்தால் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். கம்பிச் சுருள் என்றால் அது தந்தியை மட்டுமா கேட்கும், சுவருக்குள் ஓடும் மின்சாரத்தையும் கேட்கும். எங்கள் துறையில் இதோடு மல்லுக்கட்டியே பலர் தலை நரைத்தது.

லவர் செய்த வைத்தியம் எளிமையானது. ஒன்றுக்கு இரண்டு சுருள். இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக இணைத்துவிடு. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல் விழுந்து, ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். ஆனால் காந்த முனையையும் ஒன்றில் வடக்காகவும் மற்றதில் தெற்காகவும் வைத்தால், தந்தியின் ஒலி மட்டும் கழியாமல் கூடும். ஆம்ப்ளிஃபயருக்குள் இரைச்சலை அடக்க இதே முறையில் சுற்றிய சோக் ஒன்று உண்டு. அதிலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. 1955 ஜூன் 22-ல் காப்புரிமைக்கு மனுப் போனது. ‘ஹம்பக்கர்’ என்ற பெயர் அந்த ரீங்காரத்தை எதிர்ப்பதால் வந்தது.

அவர் கையால் செய்த அந்த முதல் மாதிரியில் திருகாணிகள் கிடையாது. மேலே மொழுக்கென்று மூடி. ஒவ்வொரு தந்திக்கும் தனியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகாணி அவசியம் என்று லவர் நினைக்கவே இல்லை. விற்பனைப் பிரிவுக்காரர்கள்தான், ‘வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டாமா?’ என்று கேட்டு ஒரு பக்கம் ஆறு திருகாணி வைக்கச் செய்தார்கள். இன்று உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்கும் ஹம்பக்கர்களில் வரிசையாகத் தெரியும் அந்தத் திருகாணிகள் விற்பனைப் பிரதிநிதியின் வாய்க்காக வைத்தவை! இதற்காகவே முதல் மாதிரி பிழைத்திருக்க வேண்டும் என்பேன். விற்பனைக்கு வந்த பொருளை மட்டும் பார்த்தால், கண்டுபிடித்தவன் மனத்தில் இருந்தது எது, கம்பெனி ஒட்டவைத்தது எது என்று பிரிக்க முடியாது.

அதே நேரத்தில் இலினாய் மாநிலத்தில் கெய்ரோ என்ற சிற்றூரில் கடை வைத்திருந்த ரே பட்ஸ், செட் அட்கின்ஸ் என்ற பெரிய கலைஞருக்காக இதே இரட்டைச் சுருள் யோசனையைத் தனியாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். அது கிரெட்ஷ் கம்பெனி கிடார்களில் ‘ஃபில்டர்ட்ரான்’ என்று வந்தது. இரண்டும் 1957-ல் கடைக்கு வந்தன. மனு முதலில் போட்டது லவர், காப்புரிமை முதலில் வந்தது பட்ஸுக்கு: 1959 ஜூன் 30. லவருக்கு அதே ஆண்டு ஜூலை 28. அதற்கும் முன்னால் 1930களிலேயே பால்ட்வின் பியானோக் கம்பெனிக்காரர் ஒருவர் இரைச்சலைக் கழிக்கும் பிக்கப்புக்கு உரிமை வாங்கியிருந்தார். யார் முதல் என்று சேகரிப்பாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மனு நிலுவையில் இருந்த காலத்தில் கிப்சன் தன் பிக்கப்பின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு சின்னக் கறுப்புச் சீட்டு ஒட்டியது. அந்த மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துதான் ‘பி.ஏ.எஃப்.’. 1959-ல் உரிமை வந்த பிறகும் 1962 வாக்கில்தான் சீட்டை மாற்றினார்கள். மாற்றியபோது அச்சடித்த எண் 2,737,842. அந்த எண்ணுக்குரிய காப்புரிமையை எடுத்துப் பார்த்தால் அது பிக்கப்பே இல்லை, லெஸ் பாலின் தந்தி கட்டும் பாலம்! போட்டிக்காரன் நகல் எடுக்கப் போனால் ஏமாறட்டும் என்று வேண்டுமென்றே செய்தார்கள் என்பார்கள். லவருக்குரிய எண் 2,896,491.

1966-ல் எரிக் கிளாப்டன் லண்டனில் ஒரு பழைய லெஸ் பால் கிடாரை வைத்துக்கொண்டு ஜான் மேயால் குழுவோடு வாசித்த தட்டு வந்ததும், விலைபோகாமல் தயாரிப்பே நின்றுபோன அந்தக் கிடாருக்கு மவுசு ஏறியது. இளைஞர்கள் மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே சுருள் சுற்றிய பிளாஸ்டிக் கட்டை சிலதில் கறுப்பு, சிலதில் வெள்ளை, சிலதில் ஒன்று கறுப்பு ஒன்று வெள்ளை. கறுப்பு பிளாஸ்டிக் தட்டுப்பட்டபோது கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே. காந்தமும் அப்படித்தான், அல்நிகோவில் எந்த ரகம் கையில் இருந்ததோ அது. சுற்று எண்ணிக்கையும் ஒரே சீராக இல்லை. ஏறத்தாழ ஐயாயிரம் சுற்று. இயந்திரத்தை நிறுத்தியது தொழிலாளியின் கை. அதனால் மின்தடை ஒன்றில் ஏழரை கிலோ ஓம், இன்னொன்றில் ஒன்பது. எங்கள் பணிமனையில் இப்படி வந்திருந்தால் ‘தரமில்லை’ என்று மூட்டை கட்டித் திருப்பி அனுப்பியிருப்போம். சேகரிப்பாளருக்கு அதுவே ‘தனிக்குரல்’. விலை ஆயிரக்கணக்கான டாலர். வெள்ளைக் கட்டைக்கு இன்னும் அதிகம், அதன் ஒலியில் இம்மி வித்தியாசம் இல்லை என்றாலும்.

இந்தப் பைத்தியத்தில் ஒரு நியாயமான சங்கடம் இருக்கிறது. மூடியின் ஓரத்தில் தொழிற்சாலையில் வைத்த ஈயப்பற்று உடையாமல் இருந்தால்தான் முழு விலை. உடைத்தால்தான் உள்ளே என்ன நிறம் என்று தெரியும். சீட்டைப் போலியாக அச்சடிப்பவர்களும் பெருகிவிட்டார்கள். திறந்து பார்த்தால் மதிப்புப் போகும், பார்க்காவிட்டால் மனம் அடங்காது. பெண் பார்க்கப் போய், முகம் பார்க்காமல் தாம்பூலம் மாற்றுவது மாதிரி.

அதைவிடப் பெரியது சுருளின் ஆயுள். நான் கண்ணால் கண்டது: மெல்லிய எனாமல் கம்பிக்குப் பெரிய எதிரி ஈரம். வியர்வை உப்பு இறங்கி, தாமிரத்தில் பச்சை பூத்து, ஒரு நாள் எங்கோ ஒரு சுற்றில் கம்பி அற்றுவிடும். மீட்டரை வைத்தால் முள் அசையாது. ஓரத்தில் அற்றிருந்தால் ஒட்டலாம். நடுவில் அற்றால் பழையதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவதைத் தவிர வழியில்லை. சாதாரணப் பிக்கப் என்றால் யோசிக்கவே வேண்டாம், சுற்றிவிடலாம். முதல் மாதிரி என்றால்? அந்த ஐயாயிரம் சுற்றும் அந்த மனிதனின் கை ஓடிய தடம். புதிதாகச் சுற்றினால் குரல் வரும், தடம் போய்விடும். சுற்றாவிட்டால் தடம் இருக்கும், ஊமை. என்னைக் கேட்டால் ஊமையாகவே விடச் சொல்வேன்; சுற்று எண்ணிக்கையும் திசையும் கனமும் அளந்து எழுதிக்கொண்டு, குரலுக்கு இன்னொன்று செய்துகொள்ளலாம். வாசிப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கு ஊமைப் பிக்கப் வெறும் இரும்பு.

சுற்றிய கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபெண்டர் கம்பெனியில் 1956-ல் சேர்ந்த அபிகெயில் யுபாரா என்ற அம்மையார் அரை நூற்றாண்டுக்கு மேல் பிக்கப் சுற்றினார். பழைய ஃபெண்டர் பிக்கப்பின் அடியில் அவருடைய கையெழுத்துச் சுருக்கமும் தேதியும் இருந்தால் சேகரிப்பாளர்கள் துள்ளிக் குதிப்பார்கள். காப்புரிமைப் பத்திரம் எதிலும் இப்படிப்பட்ட பெண்களின் பெயர் கிடையாது. பொருளின் முதுகில் மட்டும் இருக்கிறது.

சேத் லவர் 1967-ல் கிப்சனை விட்டு ஃபெண்டருக்குப் போனார். அங்கே வேறு காந்தம் வைத்து இன்னொரு ஹம்பக்கர் செய்தார். காப்புரிமை கம்பெனியின் பெயரில் இருந்தாலும் அந்த முதல் மாதிரியை மட்டும் தன்னிடமே வைத்திருந்தார். வயதான காலத்தில், சேமர் டங்கன் என்ற பிக்கப் தயாரிப்பாளர் அவரைத் தேடிப் போய்ப் பழகி, 1990களில் அவர் பெயரிலேயே ஒரு பிக்கப்பை அவரோடு சேர்ந்து செய்து வெளியிட்டார். லவர் 1997-ல் காலமானார். திருகாணி இல்லாத அந்த முதல் பிக்கப் டங்கனின் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அடியில் எந்தச் சீட்டும் கிடையாது. அதைச் செய்த நாளில் விண்ணப்பமே போயிருக்கவில்லை.