உறங்காப்புளியின் பிறந்தகம்

ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் 16 ஆண்டுகள் யோகத்தில் எழுந்தருளியிருந்த புளியமரத்தைத் திருப்புளியாழ்வார் என்று போற்றுவது நம் சம்பிரதாயம். அம்மரம் ஆதிசேஷனின் அம்சம் என்பது பூர்வர் கொள்கை. தாவரவியலாரோ புளியின் பிறந்தகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா என்பர். இவ்விரண்டும் முரண்படுமோ எனின், மரத்தின் வரலாற்றை நோக்குவோம்.

முதலில் பெயர். அரபு மொழியினர் இதன் கனியைத் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்றனர். அச்சொல்லே ஐரோப்பிய மொழிகளில் திரிந்து வழங்கிற்று. 1753இல் லின்னேயஸ் ‘டாமரின்டஸ் இண்டிகா’ என்று பெயரிடவே, பெயரளவில் பாரதம் அதன் தாயகமாயிற்று. தமிழில் இரவற்பெயர் இல்லை. புளி என்னும் ஒரு சொல்லே மரத்தையும் சுவையையும் குறிக்கும். தொல்காப்பியர் இவ்விரண்டையும் பிரித்து, மரப்பெயர் ‘அம்’ சாரியை பெறும் என்றும், சுவைப்பெயர் மெல்லெழுத்து மிகும் என்றும் எழுத்ததிகாரத்தில் விதித்தார். புளியங்கொம்பு, புளிங்கூழ் என்பன எடுத்துக்காட்டு. எங்கிருந்து வந்ததாயினும், தனிவிதி பெறும் அளவுக்கு அம்மரம் தமிழ்நிலத்தில் பண்டே வேரூன்றியிருந்தது.

அடுத்து இயல்பு. புளியின் சிற்றிலைகள் மாலையில் இணையிணையாகக் கூம்பும், காலையில் விரியும். இலையடிப் புடைப்பில் நீரழுத்தம் மாறுவதே காரணம். இதனை உலகோர் மரத்தின் உறக்கம் என்றனர். திருநகரிப் புளி அவ்வாறு கூம்பாது என்பது ஐதிஹ்யம். ஆதலின் அது உறங்காப்புளி. திருக்கண்ணங்குடியிலும் ஓர் உறங்காப்புளி பேசப்படும். நாகப்பட்டினத்துப் பொற்சிலையைத் திருவரங்கத் திருப்பணிக்காகக் கொணர்ந்த திருமங்கையாழ்வார், அதனைச் சேற்றில் புதைத்து, உறங்காது காக்குமாறு அருகிருந்த மரத்தைப் பணித்தார் என்பர். கண்ணங்குடி மரம் திருப்பணிப் பொருளுக்குக் காவலாயிற்று. திருநகரி மரம் ஆழ்வாருக்கு நிழலாயிற்று. இரண்டிடத்தும் உறங்காமையாவது தனக்கென வாழாமை. சேஷத்வத்தின் இலக்கணமும் அதுவே. வனத்தில் இளையபெருமாள் கண்துயிலாது காத்ததும் அதனாலேயாம்.

புளிநிழலில் படுத்துறங்கலாகாது என்று ஊரார் அஞ்சி விலக்கிய மரத்திற்கே இப்பேறு வாய்த்தது. அடியாருடைய பிறப்பை ஆராய்தலைப் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் கடிந்தருளினார். வேளாளர் குலத்தில் அவதரித்த ஆழ்வாரை, அந்தணராகிய மதுரகவிகள் ஆசாரியராகப் பற்றியதும் இம்மரத்தடியிலேயே. மரத்தின் பிறந்தகத்தைத் தாவரவியலார் ஆராயட்டும். அதன் பெருமை, அது செய்த கைங்கரியத்தால் வந்தது. ஆதலின் அவ்வாராய்ச்சியால் நம் சம்பிரதாயத்திற்கு வரும் குறை யாதுமில்லை.