சுரண்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க

பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க. நாங்க தொண்டு செய்ற சின்னக் கோயில்ல திருப்பணிப் பேச்சு ஆரம்பிச்சிருக்கு. அதனாலதான் இதை எழுதுறோம்.

முதல்ல நம்ம எல்லாருக்கும் தாய்வீடு மாதிரி இருக்கிற குயின் ஸ்ட்ரீட் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை எடுத்துக்குவோம். பினாங்கிலேயே பழமையான இந்துக் கோயில் அதுதான். நவராத்திரிக்குப் போறோம், விஜயதசமி ரதத்துக்குப் பின்னாடி நடக்கிறோம். ஆனா அந்தக் கட்டடத்தை நின்னு பார்த்தது எத்தனை பேர்? கும்பிட்டு, விபூதி வாங்கி, காரை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறோம்.

பிரான்சிஸ் லைட் இந்தத் தீவுல கொடி ஏத்தினது 1786. பதினஞ்சே வருஷத்துல, 1801-இல், அப்போ தென்னிந்தியர்களுக்குக் கப்பித்தானா இருந்த பெட்டி லிங்கம் செட்டி பேர்ல இந்தக் கோயில் நிலம் கொடுக்கப்பட்டது. அதே 1801-லதான் பக்கத்துல கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கும் நிலம் கிடைச்சது. நம்ம அம்மனுக்கு முதல்ல இருந்தது சின்ன சன்னதி. 1833-இல்தான் அது கோயிலா விரிஞ்சது. துறைமுகத்துல மூட்டை தூக்கினவங்க, படகுக்காரங்க, கொடுக்கல் வாங்கல் செஞ்ச செட்டியார்கள், எல்லாரும் கும்பிட்ட இடம். கோபுரம் 23 அடிக்குக் கொஞ்சம் மேல, அதுல 38 சிலைகள். வாசல் கிழக்கே குயின் ஸ்ட்ரீட்டைப் பார்த்திருக்கு. பழைய பிட் ஸ்ட்ரீட் வழியா போறவங்களுக்குக் கோயிலோட முதுகுதான் தெரியும்.

காகிதத்துல இருக்கிறது இப்படி ரெண்டு மூணு தேதிதான். மீதி எல்லாம் சுவத்துக்குள்ள இருக்கு. எந்தச் செங்கல் முதல்ல வச்சது, எது பிறகு சேர்த்தது, எந்தத் தூணுக்கு எத்தனை தடவை வர்ணம் மாறிச்சு, இதெல்லாம் பழைய கோயில் எதுவா இருந்தாலும் சுவரே சொல்லும். ஆனா ஒரு தடவைதான் சொல்லும். உடைச்சுட்டா முடிஞ்சது.

இதை நாங்க பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு தோட்டத்துக் கோயில் திருப்பணிக்கு உதவிக்குப் போயிருந்தோம். மண்டபச் சுவத்துல பழைய சுண்ணாம்புப் பூச்சு. அதுல பணம் கொடுத்த பால்மரத் தொழிலாளிங்க பேரைக் கீறி வச்சிருந்தாங்க. காண்ட்ராக்டர் ஆளுங்களோட நாங்களும் சேர்ந்து ரெண்டே நாள்ல கொத்தி எடுத்துட்டோம். ஒரு போட்டோகூட எடுக்கல. கும்பாபிஷேகத்தன்னைக்கு ஒரு பாட்டி வந்து, “எங்கப்பா பேரு இங்கதானே இருந்துச்சு”ன்னு புது டைல்ஸைத் தடவிப் பார்த்தாங்க. எங்களால பதில் சொல்ல முடியல.

எங்க குழுவுல பாதிப் பேர் ஃபேக்டரிக்காரங்க. ஒரு மெஷினைக் கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுப்போம், அளவு எடுப்போம், எந்த ஸ்க்ரூ எங்கன்னு எழுதி வைப்போம். இல்லைன்னா திரும்பப் பூட்டும்போது நாலு ஸ்க்ரூ மிச்சம் இருக்கும், மெஷின் ஓடாது! கோயிலுக்கு மட்டும் ஏன் நேரா சுத்தியலைத் தூக்குறோம்?

முறையா செய்றவங்க முதல்ல தரை, சுவர், விமானம்னு எல்லாத்தையும் அளந்து படம் வரைவாங்க. எங்க விரிசல், எங்க ஒழுகல், எங்க ஈரம் ஏறியிருக்குன்னு படத்துலயே குறிப்பாங்க. வர்ணத்தை ஒரு மூலையில மட்டும் மெல்ல அடுக்கடுக்கா சுரண்டுவாங்க. மேல எனாமல், அதுக்குக் கீழ வேற நிறம், அடியில வெறும் சுண்ணாம்புன்னு ஒவ்வொரு காலமும் தெரியும். பழைய சாந்துல ஒரு துண்டை எடுத்து அமிலத்துல போட்டா சுண்ணாம்பு கரைஞ்சுடும், மணல் தங்கும். எவ்வளவு சுண்ணாம்பு, எந்த மாதிரி மணல்னு அதுல தெரிஞ்சுக்கலாம்.

இது சும்மா ஆராய்ச்சி இல்ல, காசு சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. ஜார்ஜ்டவுன் கடலோரம், நிலத்தடி நீர் மேலேயே இருக்கு. பழைய செங்கல் சுவர் ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சு வழியா வெளியே விட்டுடும். அதுமேல சிமெண்டைப் பூசினா ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். உப்பு பூக்கும், வர்ணம் உரியும், செங்கல் பொடியா உதிரும். நாம “அம்மனுக்குப் புதுசா செஞ்சிருக்கோம்”னு சந்தோஷப்படுவோம், அஞ்சாறு வருஷத்துல மறுபடி உண்டியலைத் தூக்கிக்கிட்டு அலைவோம்.

சூலியா ஸ்ட்ரீட்ல தியோச்சு சீனர்களோட ஹான் ஜியாங் முன்னோர் கோயில் இருக்கு, குயின் ஸ்ட்ரீட்ல இருந்து நடந்தே போகலாம். அதைப் புதுப்பிச்ச விதத்துக்கு 2006-இல் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் விருது கிடைச்சது. ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்ததே 2008-லதான்! நம்ம பக்கம் பார்த்தா ஸ்ரீரங்கத்துக்கு 2017-இல் அதே விருது. அங்க பழைய மழைநீர் வடிகால் எங்க போகுதுன்னு தேடிப் பிடிச்சு மறுபடி ஓட விட்டாங்க. தேடாம இருந்திருந்தா புதுக் குழாய் போட்டு மூடியிருப்பாங்க.

சிலர் கேட்கிறாங்க, ஆகமத்துல இதுக்கெல்லாம் இடம் இருக்கான்னு. ஜீர்ணோத்தாரணம்னாலே பழுதானதைச் சரிசெய்றதுதானே. எது பழுதுன்னு பார்க்காம எப்படிச் சரிசெய்றது? பிரச்சினை ஆகமத்துல இல்ல, நம்ம அவசரத்துல இருக்கு. கும்பாபிஷேகத் தேதியைக் குறிச்சு, பாலாலயம் செஞ்சு, அம்மனைக் கலசத்துக்கு மாத்தினதுக்கு அப்புறம் எல்லாருக்கும் ஓட்டம்தான். நோட்டீஸ் அடிச்சாச்சு, நன்கொடை வாங்கியாச்சு, அப்போ நின்னு அளந்து பார்க்க யாருக்கும் மனசு வராது. அதனால ஆய்வு முதல்ல, தேதி பிறகு. எங்க நிர்வாகத்துக்கிட்ட இதைத்தான் கேட்டிருக்கோம். தலைவர் முழுசா ஒத்துக்கல, மூணு மாசம் கொடுத்திருக்கார். போதுமான்னு பார்ப்போம்.

இப்போ உங்ககிட்ட ஒரு விண்ணப்பம். வீட்டுல பழைய கல்யாண ஆல்பம் இருந்தா எடுத்துப் பாருங்க. நம்ம கோயில்ல தாலி கட்டினவங்க, பிள்ளைக்கு மொட்டை போட்டவங்க எத்தனையோ பேர். மாப்பிள்ளை பொண்ணுக்குப் பின்னாடி தூண், சன்னதிக் கதவு, விமானத்தோட பழைய வர்ணம் தெரியும். முகத்தை மறைச்சுட்டுக்கூட அனுப்பலாம், எங்களுக்குத் தூண் தெரிஞ்சா போதும். ஞாயித்துக்கிழமை காலைப் பூஜைக்கு அப்புறம் மண்டபத்துலதான் இருப்போம். அளவுநாடா பிடிக்க ரெண்டு பேர் குறையுது, இளைஞர்கள் வந்தா நல்லது.