வீரத்துக்குப் பிறப்பு ஏது?

திருவில்லிபுத்தூர் என்றதும் நம் நினைவில் எழுவது வானளாவும் கோபுரம். அவ்வூரில் பாசறை அமைத்துத் தங்கிய பட்டாளத்தை நினைப்பார் மிகச் சிலரே.

1755-ஆம் ஆண்டில், ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் திரட்டக் கும்பினிப் படை தெற்கே வந்தது. கர்னல் ஹெரான் தளபதி. சிப்பாய்களுக்குத் தலைவர் யூசுப்கான். நெற்கட்டும்செவல் புலித்தேவர் கப்பம் கட்ட மறுத்தார். பீரங்கியோடு வந்த ஹெரான் வெறுங்கையோடு திரும்பினார். 1756-ல் யூசுப்கானின் படை திருவில்லிபுத்தூரில் வந்து தங்கிற்று. இராசபாளையத்துக்குத் தெற்கேயுள்ள வாசுதேவநல்லூர்க் கோட்டையை 1759-ல் தாக்கி அவர் தோற்றார், 1761-ல் வென்றார். மதிலின் மேல் நின்றவன் இந்நாட்டான். மதிலை நோக்கிப் பாய்ந்தவனும் இந்நாட்டான்! வெற்றியின் பயனோ அயலானுக்கு!

யார் அந்தச் சிப்பாய்? தமிழர், தெலுங்கர், இசுலாமியர், தாழ்த்தப்பட்டோர் எனப் பலரும் கூலிக்குத் துப்பாக்கி ஏந்தினர். 1758-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையை முற்றுகையிட்ட காலத்தில், தனித்தனிக் குழுக்களாக இருந்த இவர்களைப் பட்டாளங்களாக வகுத்தார் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். சென்னைக் காலாட்படையின் தொடக்கம் அதுவே. முற்றுகையின்போது வெளியிலிருந்து பகைவரை அலைக்கழித்தவர் யூசுப்கான். அவருக்குக் கிடைத்த நன்றி எது? மதுரையில் தனியாட்சி நாட்ட முனைந்தார் என்று, நவாபும் கும்பினியும் சேர்ந்து 1764 அக்டோபர் 15 அன்று அவரைத் தூக்கிலிட்டனர்.

தலைவருக்குத் தூக்குக் கயிறு. தொண்டர் வழிவந்தோருக்குப் பழிச்சொல்! 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத்தலைவராயிருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு ஆகார் என்றார். ‘போர்க்குலம்’ என்றொரு கோட்பாடு கிளம்பிற்று. மனுவின் தராசு வெள்ளையர் கைக்கு மாறிற்று! பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1928-ஆம் ஆண்டளவில் அந்தப் பழம்பெரும் காலாட்படையே மறைந்தது.

இரண்டாம் உலகப்போர் (1939–45) மூண்டது, ஆள் தேவைப்பட்டது, சென்னை ரெஜிமெண்ட் மீண்டும் எழுந்தது! இடைப்பட்ட சில ஆண்டுகளில் குலம் மாறிற்றா? குருதி மாறிற்றா? மாறியது ஆள்வோரின் தேவை ஒன்றே.

பிறப்பால் இழிந்தவன் என்பதும், பிறப்பால் கோழை என்பதும் ஒரே பொய்யின் இரு முகங்கள். முதற்பொய்யை நம்பியதால்தான் இரண்டாவதையும் தலைகுனிந்து ஏற்றோம். வாசுதேவநல்லூர் மதிலடியில் வீழ்ந்தவர்களிடம் பீரங்கிக் குண்டு குலம் கேட்கவில்லை. நாம் ஏன் கேட்க வேண்டும்?