கெந்திங் மலையின் உரிமமும் கிள்ளான் பள்ளத்தாக்கின் வாக்கும்

பூச்சோங்வாசிகளுக்குக் கெந்திங் ஒன்றும் தொலைதூரம் இல்லை. டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலையில் வடக்கே ஓட்டி, கெப்போங் பக்கம் எம்.ஆர்.ஆர்.2 சாலையில் ஏறி, கோம்பாக் டோலைத் தாண்டிவிட்டால் காராக் நெடுஞ்சாலை மலையடிவாரத்தில் கொண்டுபோய் விடும். கார் இல்லாதவர்கள் எல்.ஆர்.டி. பிடித்து, பிரிக்பீல்ட்ஸை ஒட்டியுள்ள கே.எல். சென்ட்ரலுக்கு வந்தால் நேரே மேலே போகும் பேருந்து இருக்கிறது. குளிர், மேகம், கேபிள் கார், பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பூங்கா என்று குடும்பத்தோடு போய்வருவோர் பலர். ஆனாலும் அந்த மலை நகரம் நிற்பது நாட்டின் ஒரே சட்டபூர்வ கேசினோ உரிமத்தின் மேல். அந்த உரிமத்தின் நிபந்தனைகளைத் தீர்மானிப்பவர் யார், அவற்றால் பாதிக்கப்படுவோருக்கு அதில் ஏதாவது பேச்சு உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கெந்திங்கின் கதை பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் துணிச்சல் கதையாகவே சொல்லப்படுகிறது. கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் குத்தகையாளராக வேலை பார்த்த லிம் கோ தோங், அங்கிருந்த குளிரை அனுபவித்தபோது, தலைநகருக்கு இன்னும் பக்கத்தில் ஒரு மலை வாசத்தலம் வேண்டும் என்று நினைத்தார். 1965 ஏப்ரலில் நிறுவனம் பதிவானது. அவ்வாண்டு ஆகஸ்டில் காட்டை வெட்டிச் சாலை போடத் தொடங்கி, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் உலு காலி உச்சிவரை கொண்டு சேர்த்தார். அந்த உழைப்பை யாரும் மறுக்க முடியாது.

கதையின் மறுபாதி அரசாங்கத்துடையது. பகாங் மாநிலம் 12,000 ஏக்கரும் சிலாங்கூர் மாநிலம் 2,800 ஏக்கரும் வழங்கின. நிறுவனத்தைத் தொடங்குவதில் லிம்மோடு கைகோத்த ஹாஜி முகமது நோவா ஓமார், மலாயா மக்களவையின் முதல் சபாநாயகர். அன்றைய துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக்கிற்கும் பின்னாளில் பிரதமரான உசேன் ஓனுக்கும் மாமனார். 1969 மார்ச் 31-ஆம் தேதி முதல் ஓட்டலுக்கு அடிக்கல் நாட்டியவர் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். கேசினோ உரிமமும் அவர் அரசிடமிருந்தே வந்தது. நிலம் மாநிலத்தின் அதிகாரம், சூதாட்ட உரிமம் மத்திய அரசின் அதிகாரம், மூலதனம் தனியாருடையது. இந்த மூன்றில் ஒன்று விலகியிருந்தாலும் உச்சியில் இன்றைய நகரம் எழுந்திருக்காது. பெயரளவில் இது தனியார் தொழில்தான். அமைப்பில் இது அரசும் தனியாரும் சேர்ந்து நடத்தும் கூட்டு முயற்சி. அப்படி ஒப்புக்கொள்ளாததால்தான் பொதுமக்களின் கணக்கு இதில் எழுதப்படாமலே போயிற்று.

காலத்தையும் கவனிக்க வேண்டும். நிறுவனம் பதிவானதற்கு முந்திய மாதமான 1965 மார்ச்சில்தான் நாட்டின் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அடிக்கல் நாட்டிய ஆறு வாரத்தில் மே 13 கலவரம் வெடித்து, நாடாளுமன்றம் முடங்கியது. 1971 பிப்ரவரியில்தான் மீண்டும் கூடியது. ஓட்டல் திறந்ததும் 1971-இல். ஒன்றுக்கொன்று காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் நாட்டின் மிகப் பெரிய சூதாட்ட முயற்சி, மக்கள் பேசுவதற்கான மேடைகள் மூடிக் கிடந்த ஆண்டுகளில்தான் வேர் பிடித்தது என்பது வரலாறு. ஊராட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. பூச்சோங்கின் மன்ற உறுப்பினர்கள் இப்போதும் நியமனத்தில் வருபவர்களே.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 2005 ஏப்ரல் 18-இல் பிரதமர் லீ சியன் லூங், கேசினோவோடு கூடிய இரண்டு ஒருங்கிணைந்த உல்லாசத் தலங்களுக்கு அனுமதி தரும் முடிவை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதற்கு முன்பே சமயக் குழுக்களும் ஆளுங்கட்சி உறுப்பினர்களும்கூட வெளிப்படையாக எதிர்த்துப் பேசியிருந்தார்கள். அந்த எதிர்ப்பு முடிவை மாற்றவில்லை, நிபந்தனைகளை மாற்றியது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கேசினோவுக்குள் கால் வைக்க ஒரு நாளுக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். 2019-இல் அது 150 ஆனது. கணவன் சம்பளத்தைத் தொலைக்கிறான் என்றால் மனைவி விண்ணப்பித்து, அவனை உள்ளே விடாமல் தடுக்கும் ஆணையைப் பெற முடியும். அவ்விரண்டில் ஒன்றான செந்தோசாத் தலத்தை நடத்துவது வேறு யாருமல்ல, கெந்திங் குழுமமே. ஒரே நிறுவனம், ஜொகூர் பாலத்துக்குத் தெற்கே இந்த விதிகளை ஏற்று 2010 முதல் தொழில் நடத்தி வருகிறது. இங்கே மட்டும் அவை நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று யாராலும் சொல்ல முடியாது.

மலேசியச் சட்டம் பாதுகாப்புக் கோட்டை எங்கே இழுத்திருக்கிறது? மதத்தின் மேல். முஸ்லிம்களுக்குக் கேசினோவில் இடமில்லை. ஷரியா சட்டங்களின்கீழ் சூதாட்டம் குற்றம், கூட்டரசுப் பிரதேசத்தில் 3,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ விதிக்கலாம். முஸ்லிம் அல்லாதவருக்கு உள்ள வாசல்படி வயது மட்டுமே: 21 நிரம்பியிருந்தால் போதும். நாட்டின் பெரும்பான்மைச் சமூகத்துக்குச் சட்டமே வேலி. மற்றவர்களுக்கு அவரவர் மன உறுதிதான் வேலி. இதனால் சூதாட்டக் கேடு நாடாளுமன்றத்தில் பேசப்படும்போதெல்லாம் அது முஸ்லிம் ஒழுக்கப் பிரச்சினையாகவோ, முஸ்லிம் அல்லாதார் உரிமைப் பிரச்சினையாகவோ மாறிவிடுகிறது. கடன்பட்ட குடும்பம் என்ற ஒன்று அந்த விவாதத்தில் இடம்பெறுவதே இல்லை.

பூச்சோங் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கமும் ரப்பர் தோட்டமுமாக இருந்த ஊர். தோட்டங்கள் தாமான்களாகவும் பேரங்காடிகளாகவும் மாறியபோது, தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. வாரச் சம்பளமும் லாரி வேலையுமாக வாழும் வீட்டில், சூதாட்டத்தில் ஒரு நாள் இழப்பு, அந்த மாத வீட்டுத் தவணையைக் கொண்டுபோய்விடும். பிறகு ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் கடன். வாசலில் சிவப்புச் சாயம். கதவுக்குப் பூட்டு மேல் பூட்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைப் பார்க்காத குடியிருப்பு குறைவு. இதற்கெல்லாம் கெந்திங்தான் காரணம் என்பது நியாயமாகாது. நாலு நம்பர் கடைகளுக்கும் கடைவீட்டு மாடிகளில் ஒளிந்து ஓடும் சட்டவிரோத இயந்திரங்களுக்கும் இதில் பங்கு உண்டு. கைப்பேசிச் சூதாட்டத்துக்கு இன்னும் பெரிய பங்கு.

சிங்கப்பூரைப் போல இங்கும் நுழைவுக் கட்டணம் வேண்டும் என்றால், இங்கேதான் முதல் மறுப்பு எழுகிறது: மலையில் கட்டணம் வைத்தால் ஆட்கள் கடைவீட்டு மாடிக்குப் போவார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் மாடிக் கடையை மூடுவது காவல்துறையும் ஊராட்சி மன்றமும் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலை சரியாக நடக்கவில்லை என்பதற்காக, அரசே உரிமம் கொடுத்த இடத்துக்கு விதி வேண்டாம் என்று வாதிட முடியாது.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. நுழைவுக் கட்டணம் வைத்தால் மலேசியர்களில் அதைக் கட்டப்போவது சீனரும் இந்தியரும்தான். இது மறைமுகமாக ஓர் இனவரி ஆகாதா? ஆகும், வசூலித்த பணம் பொதுக் கருவூலத்தில் கரைந்தால். சிங்கப்பூரில் அந்தத் தொகை பொதுநல, அறப்பணிகளுக்கென்று தனியே போகிறது. இங்கேயும் அதைக் கடன் மீட்பு ஆலோசனைக்கும் சூதாட்டத்துக்கு அடிமையானோர் சிகிச்சைக்கும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தால் இந்த மறுப்பின் வலு குறையும்.

விதிகளை மாற்றுவது கடினம் என்றும் சொல்ல முடியாது. 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டத்தின் 27ஏ பிரிவு, உரிமம் தரும் அதிகாரத்தை நிதியமைச்சரிடம் கொடுத்திருக்கிறது. அவர் நினைத்தால் என்ன நடக்கும் என்பதை 2018 நவம்பரில் நாடு பார்த்தது. அப்போதைய நிதியமைச்சர் லிம் குவான் எங் தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டம் கேசினோவின் ஆண்டு உரிமக் கட்டணத்தை 12 கோடி வெள்ளியிலிருந்து 15 கோடியாக உயர்த்தியது. மொத்த வசூல் மீதான வரியும் 35 விழுக்காடு வரை ஏறியது. நுழைவுக் கட்டணமோ குடும்பத் தடை ஆணையோ அதில் இல்லை. அப்போது பூச்சோங்கின் நாடாளுமன்ற உறுப்பினர் கோபிந்த் சிங் டியோ அமைச்சரவையில் இருந்தார். முஸ்லிம் அல்லாத வாக்காளர்களை நம்பி வென்ற இவ்விருவரின் கட்சி நிதியமைச்சைக் கையில் வைத்திருந்த காலத்திலும், அரசு நிறுவனத்திடம் பணத்தை மட்டுமே கேட்டது.

மாநிலங்களுக்கும் கைகட்டி நிற்க வேண்டிய நிலை இல்லை. கெடா அரசு 2023 முதல் நம்பர் கடைகளின் வணிக உரிமத்தை ஊராட்சி மன்றங்கள் புதுப்பிக்கக் கூடாது என்று முடிவெடுத்தது. சமய அரசியலில் பிறந்த அந்த முடிவைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஊராட்சியிடம் எவ்வளவு பெரிய நெம்புகோல் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. அந்த நெம்புகோலைச் சிலாங்கூர், கடைகளைத் தடை செய்வதற்கு அல்லாமல், அவை எந்தக் குடியிருப்பின் நடுவே எத்தனை இருக்கலாம் என்று வரையறுப்பதற்குப் பயன்படுத்தலாம்.

2024 ஏப்ரலில் ஜொகூர் ஃபாரஸ்ட் சிட்டியில் இரண்டாவது கேசினோ வரப்போவதாகச் செய்தி கசிந்தபோது, பிரதமர் அன்வார் இப்ராஹிம் அது பொய் என்றார். பெயர் அடிபட்ட நிறுவனங்களும் மறுத்தன. சில நாள்களில் பேச்சு அடங்கியது. நாட்டில் ஏற்கெனவே இருக்கும் கேசினோவின் விதிகள் என்ன என்று அந்த நாள்களிலும் யாரும் கேட்கவில்லை. வருமா, வராதா என்பதே அரசியலாயிற்று. உரிம நிபந்தனைகளை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கும்படி 27ஏ பிரிவைத் திருத்தும் மசோதாவைக் கோர, கிள்ளான் பள்ளத்தாக்கின் எந்த உறுப்பினரும் இன்னொரு கேசினோவின் வதந்திக்குக் காத்திருக்கத் தேவையில்லை.