இரும்புப் படியும் தானே மூடும் கதவும்

நியூயார்க் நகரத்தின் பழைய பேட்டைகளில் ஐந்தும் ஆறும் மாடிகளாக எழும்பி நிற்கும் செங்கல் வீடுகளின் முகப்பிலே, ஜன்னலுக்கு ஜன்னல் ஓர் இரும்புத் தளமும், அதிலிருந்து கீழ்மாடிக்கு இறங்கும் குறுகிய படியும், கடைசியில் தெருவைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும் ஓர் ஏணியுமாக அமைந்திருப்பதைச் சினிமாவிலேனும் பார்க்காதவர்கள் நம்மில் அரிது. ஃபயர் எஸ்கேப் என்று அவ்வூர் ஜனங்கள் வழங்கும் அந்தப் படி, முகப்புக்கு ஓர் அலங்காரம் போலவே கண்ணுக்குப் படுகிறது; அது பிறந்ததோ சுமார் இருபது பேர் வெந்து மடிந்த ஓர் இரவில்.

1860ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி, எல்ம் தெருவில், கீழே ரொட்டிக் கடையும் மேலே ஆறு மாடிவரை ஏழைக் குடும்பங்களும் இருந்த ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில் தீப்பிடித்தது. கீழே மூண்ட நெருப்பு மரப்படிக்கட்டையே வழியாகக் கொண்டு மேலேற, வேறு வழியில்லாத அவ்வீட்டில் மேல்மாடிக்காரர்கள் ஜன்னலோரத்தில் திரண்டு நின்றனர். ஓடிவந்த தீயணைப்புத் தொண்டர்களின் ஏணியோ நான்காம் மாடிக்கு மேல் எட்டவில்லை. மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மூன்று மாதத்துக்குள்ளேயே, எட்டுக் குடும்பங்களுக்கு மேல் வசிக்கும் வீடுகளுக்குத் தீப்பற்றாத மாடிப்படியோ, அல்லது தீப்பற்றாத படிகளால் இணைந்த வெளித்தளங்களோ வேண்டும் என்று சட்டம் பிறந்தது.

சட்டம் பிறந்தது, ஆனால் அதை வீடுவீடாகச் சென்று பார்ப்பவர் யார்? அக்காலத்துத் தொண்டர் படைகளின் வீரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் எரியும் வீட்டில் பிரவேசிப்பதே அவர்கள் தர்மமாயிருந்ததேயன்றி, எரியாத வீட்டின் கதவைத் தட்டுவது அன்று. 1865இல் சம்பளம் பெறும் படை ஏற்பட்டது. 1880 முதல் 1892 வரை கட்டடங்களை மேற்பார்வையிடும் பொறுப்பே தீயணைப்பு இலாகாவின் கீழ் இருந்து, பிறகு தனி இலாகாவுக்குப் போயிற்று. இடையில் வீட்டுச் சொந்தக்காரர்கள் சிலர் மலிவான மர ஏணியையும், குழந்தையைக் கையில் ஏந்திய தாய் இறங்கவே முடியாத செங்குத்தான இரும்பு ஏணியையும் மாட்டிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டதாகச் சொல்லிக்கொண்டனர்.

1900ஆம் ஆண்டளவில் அந்நகரில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஒண்டுக்குடித்தன வீடுகளில் சுமார் 23 லட்சம் மக்கள் வசித்தனர். லாரன்ஸ் வீலர் என்பவர் அவ்வாண்டு ஒரு கண்காட்சி நடத்தி, ஒரே ஒரு தெருச் சதுக்கத்தின் 39 வீடுகளையும் அட்டையால் செய்து ஜனங்கள் பார்க்க வைத்தார். அந்த 39 வீடுகளுக்குள் 2,781 பேர். மறு வருஷமே, 1901இல், புதிய சட்டம் வந்தது. செங்குத்து ஏணி விலக்கப்பட்டுச் சாய்ந்த படி கட்டாயமாயிற்று. பரிசோதகர்களைக் கொண்ட தனி இலாகாவும் ஏற்பட்டது.

அச்சட்டத்தின் ஒரு சிறு விதி என் மனத்தை விட்டு அகலவில்லை. தளத்தின்மேல் எதையேனும் வைத்து அடைப்பவர்களுக்குப் பத்து டாலர் அபராதமும் பத்து நாள் சிறையும் என்னும் எச்சரிக்கையைப் புடைத்த எழுத்துக்களில் வார்த்த வார்ப்பிரும்புப் பலகையொன்றை ஒவ்வொரு தளத்திலும் பொருத்த வேண்டும் என்பதே அது. பலகை இருந்தது, அதற்குப் பக்கத்திலேயே மெத்தையும், தொட்டிச் செடியும், காயும் துணியும் இருந்தன. வெயில் காலத்து இரவுகளில், காற்றே நுழையாத உள்ளறையில் கிடந்து வேகமுடியாமல் குடும்பம் குடும்பமாக அத்தளத்தில் வந்து படுத்தவர்களைக் குற்றஞ்சொல்ல எனக்கு நா எழவில்லை. மூச்சுவிடுவதற்கு வேறு இடமில்லாதவனிடம் தப்பும் வழியைக் காலியாக வை என்று சொல்வதற்கு முன்னால், அவன் அறைக்கு ஒரு ஜன்னலைக் கொடுத்திருக்க வேண்டும். 1901ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வீடுகளுக்கேனும் அந்த ஜன்னலையும் சேர்த்தே கேட்டது என்பதுதான் அதற்குரிய பெருமை.

தீயணைப்புப் படைக்கே அதிகாரத்தைத் தந்தது மற்றொரு பெருந்துயரம். 1911 மார்ச் 25ஆம் தேதி, ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில், எட்டு முதல் பத்தாம் மாடிவரை பற்றிய தீயில் 146 பேர் மாண்டனர். அவர்களில் அநேகர் அதே ஒண்டுக்குடித்தனங்களிலிருந்து வேலைக்குப் போன யூத, இத்தாலியப் பெண்கள். அங்கேயும் படையின் ஏணி எட்டவில்லை; வெளிப்படி பாரம் தாங்காமல் சரிந்து விழுந்தது; ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. படைத்தலைவர் எட்வர்ட் குரோக்கர் அவ்வாண்டே பதவியை விட்டுத் தீத்தடுப்பு வேலையில் இறங்கினார். அக்டோபரில் வந்த சட்டத்தின்படி தீயணைப்பு இலாகாவுக்குள்ளேயே தீத்தடுப்புப் பிரிவு ஒன்று ஸ்தாபிக்கப்பட்டது. தீ அணைப்பவன் தீக்கு முன்னரும் வரலாம், குறை கண்டால் உத்தரவிடலாம் என்ற நிலை அன்றுதான் உறுதிப்பட்டது.

பின்னர் கான்கிரீட் மாளிகைகள் எழுந்தன. படிக்கட்டு தீத்தாங்கும் சுவர்களுக்குள் அடைக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டுக் கட்டட விதிகளோடு புது வீடுகளில் வெளிப்படியின் காலம் ஏறக்குறைய முடிந்தது. நெருப்பைக் காட்டிலும் புகையே இப்போது யமன் ஆயிற்று. 1998 டிசம்பரில், மன்ஹாட்டனில் ஓர் உயர்ந்த குடியிருப்பில் தீப்பிடித்த வீட்டின் கதவு திறந்தே விடப்பட, பல மாடிகளுக்கு மேலே படிக்கட்டில் நால்வர் புகையால் இறந்தனர். அதன்பின், நான்கு வீடுகளுக்குக் குறையாத புதிய குடியிருப்புகளில் கூரையிலிருந்து தானாக நீர் தெளிக்கும் குழாய்கள் கட்டாயமாயின. தீப்பிடித்தால் வெளியேறுவதா, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பதா என்று கட்டடத்தின் அமைப்புக்கேற்ப விளக்கும் அறிவிப்பை ஒவ்வொரு வீட்டுக் கதவின் உட்புறத்திலும் ஒட்டவேண்டும் என்பதும் விதியாயிற்று.

2017 டிசம்பரில் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு குழந்தை அடுப்போடு விளையாடியதில் மூண்ட தீ, தாய் குழந்தைகளோடு ஓடிய பதைப்பில் திறந்தபடியே விட்ட கதவின் வழியே படிக்கட்டில் பாய்ந்து 13 உயிர்களைக் கொண்டது. அவளைக் குறைகூறுவதற்கு யாருக்கு மனம் துணியும்? மனித மனம் மறக்கும் தருணத்தில் கதவே தன்னை மூடிக்கொள்ள வேண்டும் என்று கருதி, பல குடும்பங்கள் வாழும் கட்டடங்களில் எல்லாம் 2021 ஜூலைக்குள் தானே மூடும் கதவுகள் இருக்கவேண்டும் என நகரசபை விதித்தது. கெடு கழிந்து ஆறு மாதமும் ஆகவில்லை. 2022 ஜனவரி 9ஆம் தேதி, அதே பிராங்க்ஸில், 19 மாடிக் கட்டடமொன்றில் குளிருக்காக வைத்த மின்கணப்பிலிருந்து தீ பரவியது. தீ பெரும்பாலும் ஒரு வீட்டோடு நின்றது. ஆனால் அவ்வீட்டுக் கதவு மூடிக்கொள்ளவில்லை. எட்டுக் குழந்தைகள் உட்பட 17 பேரைப் புகை கொண்டுபோயிற்று. மாண்டவர்களில் பலர் காம்பியா தேசத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தினர்.

தீயணைப்புப் பரிசோதகர்கள் காணும் குறைகளை வீட்டுவசதி இலாகாவும் உடனுக்குடன் அறியும்படி அவ்வாண்டே மேயர் உத்தரவிட்டார். மணி அடித்தால் அப்படியே விரைவதற்குத் தோதாக வண்டியையும் கருவிகளையும் வாசலில் நிறுத்திக்கொண்டு, தீயில்லாத நாளிலும் படை வீரர்கள் குடியிருப்புகளுக்குள் நுழைகிறார்கள். படிக்கட்டின் கதவுக்கடியில் யாரோ செருகி வைத்த மரக்கட்டையைக் குனிந்து எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, கதவை அகலத் திறந்து, கையை எடுத்துவிட்டு, அது தானாகவே நகர்ந்து வந்து தாழ் விழும் ஓசை கேட்கிறதா என்று காத்து நிற்கிறார்கள்.