மண்டலப் பூட்டு (வீடியோ கேம் கருவிகள்)

ஒரு நாட்டுச் சந்தைக்கென விற்ற வீடியோ கேம் கேசட்டோ வட்டோ துணைக்கருவியோ வேறொரு நாட்டுச் சந்தைக்கான கருவியில் இயங்காதபடி தயாரிப்பாளரே செய்துவைக்கும் தடை மண்டலப் பூட்டு எனப்படுகிறது. ஆடுவோர் வழக்கில் இது 'ரீஜன் லாக்'. சில கருவிகளில் இந்தப் பூட்டு ஒரு சிப். சிலவற்றில் வட்டில் பதித்த நான்கு எழுத்து. இன்னும் சிலவற்றில் வெறும் பிளாஸ்டிக் முளை. ஜப்பான் ஒன்று, வட அமெரிக்கா ஒன்று, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து ஒன்று என்ற பெரும் பிரிவினை 1980-களின் நடுவில் வேரூன்றி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது.

பூட்டு ஏன் வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தொலைக்காட்சி முறையைக் காட்டுவோர் ஒரு சாரார். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் என்டிஎஸ்சி முறை, 525 கோடுகள், 60 ஹெர்ட்ஸ். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இந்தியாவிலும் பிஏஎல் முறை, 625 கோடுகள், 50 ஹெர்ட்ஸ். அக்கால ஆட்டங்களின் வேகம் திரையின் துடிப்போடு பிணைந்திருந்தது. அதனால் 60-க்கென எழுதிய ஆட்டம் 50-இல் ஆறில் ஒரு பங்கு மந்தமாக ஓடியது. படத்தின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழுந்தன. 'சோனிக்' முள்ளெலி மின்னல் வேகத்துக்குப் பேர்போனது; ஐரோப்பாவில் முதல் ஆட்டத்தில் அதன் ஓட்டமும் பின்னணி இசையும் சேர்ந்தே தளர்ந்தன. ஆனால் ஒரே தொலைக்காட்சி முறையைக் கொண்ட ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் ஏன் பூட்டு வேண்டியிருந்தது என்பதை இந்த வாதம் விளக்குவதில்லை. விலை வேறுபாடு, வெளியீட்டுத் தேதி வேறுபாடு, விநியோக உரிமை ஆகிய மூன்றையும் காப்பதே நோக்கம் என்பார் மறுசாரார்.

நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமில் பூட்டுச் சிப் கிடையாது. கேசட்டில் 60 ஊசிகள்; அவ்வளவுதான். ஆசியா முழுவதும் பரவிய நகல் கருவிகளுக்கு இந்தத் திறந்த வாசல் உதவியது. 1990-களில் இந்தியக் கடைகளில் 'டிவி கேம்' என்று விற்றவற்றில் பெரும்பாலானவை இந்த 60 ஊசிக் குடும்பமே.

அமெரிக்காவுக்குப் போனபோது நிலைமை வேறு. அங்கே 1983-இல் வீடியோ கேம் சந்தை சரிந்திருந்தது. தரமற்ற ஆட்டங்கள் குவிந்ததே காரணம் என்ற பேச்சு பரவலாக இருந்தது. 1985-இல் அங்கு அறிமுகமான என்இஎஸ் கருவியின் கேசட்டுக்கு 72 ஊசிகள். கூடவே '10என்இஎஸ்' என்ற பூட்டு. கருவிக்குள் ஒரு 4-பிட் சிப், ஒவ்வொரு கேசட்டுக்குள்ளும் அதன் இணை. இரண்டிலும் ஒரே நிரல்தான். ஒரே ஒரு ஊசியின் மின்னழுத்தம்தான் எது பூட்டு, எது சாவி என்று முடிவு செய்யும். மின்சாரம் பாய்ந்ததும் பூட்டுச் சிப் பதினாறு எண் வரிசைகளில் ஒன்றைத் தேர்ந்து சாவிக்குத் தெரிவிக்கும். பிறகு இரண்டும் தனித்தனியே ஒரே கணக்கைப் போட்டு, விடையைத் துளித்துளியாகப் பரிமாறிக்கொள்ளும். விடை பிசகினால் பூட்டுச் சிப் நொடிக்கு ஒருமுறை கருவியை மறுதொடக்கம் செய்துவிடும். திரையும் சிவப்பு விளக்கும் விட்டுவிட்டு மினுக்கும்.

அந்த மினுக்கலை அமெரிக்கக் குழந்தைகள் ஒரு தலைமுறையே மறக்கவில்லை. கள்ளக் கேசட் போட்டதால் அது வந்தது அபூர்வம். ஊசிகளில் அழுக்கு படிந்து இரு சிப்புகளின் உரையாடல் அறுந்ததுதான் பெரும்பாலும் காரணம். கேசட்டின் வாயில் ஊதிவிட்டுச் செருகும் பழக்கம் இப்படித்தான் வலுப்பெற்றது. எச்சில் ஈரம் ஊசிகளுக்குக் கேடு என்று நிறுவனம் எச்சரித்தும் ஊதல் நிற்கவில்லை.

10என்இஎஸ் முதலில் உரிமம் பெறாத வெளியீட்டாளர்களைத் தடுக்கவே வந்தது என்றும், மண்டலப் பிரிப்பு அதன் கூடுதல் பயன் என்றும் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. சிப்பின் எண்களே மண்டலங்களைச் சொல்லிவிடும்: வட அமெரிக்காவுக்கு 3193, ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு 3195, பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியாவுக்கு 3197. கடைசி இரண்டையும் கவனிக்க வேண்டும். இரு பக்கமும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆனாலும் ஜெர்மனியில் வாங்கிய கேசட் லண்டன் கருவியில் மினுக்கியது. இரு பகுதிகளுக்கும் விநியோகஸ்தர்கள் வேறு என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். தொலைக்காட்சி வாதம் இந்த இடத்தில் மிகவும் மெலிந்துபோகிறது.

பூட்டை உடைத்தவர்களின் கதை தனி. கலர் டிரீம்ஸ் போன்ற சிறு நிறுவனங்கள் கேசட்டிலிருந்து எதிர்மின்னழுத்தத் துடிப்பைச் செலுத்திப் பூட்டுச் சிப்பைத் திகைக்க வைத்தன. அட்டாரி கேம்ஸ் வேறு வழியில் போனது. சிப்பைப் பிரித்துப் பார்த்தும் நிரலை முழுதாகப் படிக்க முடியாமல்போக, அதன் வழக்கறிஞர் 1988-இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார். நிண்டெண்டோ தொடுத்த வழக்கில் தாங்கள் பிரதிவாதி, அதற்காக நிரலின் படி வேண்டும் என்பது கோரிக்கை. அப்போது அப்படி ஒரு வழக்கே இல்லை. படி கிடைத்தது, அதிலிருந்து 'ராபிட்' என்ற சாவி நிரல் பிறந்தது, டெங்கன் என்ற பெயரில் கேசட்டுகள் கடைக்கு வந்தன. 1992-இல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் நிண்டெண்டோ பெற்ற தடையாணையை உறுதிசெய்தது. ஒரு பொருளைப் பிரித்து ஆராய்வது நியாயமான பயன்பாடாகலாம். பொய் சொல்லி வாங்கிய படியைக் கொண்டு செய்வது ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். இவ்வளவு அலைச்சலும் தேவைப்படாத வழியொன்றை வீட்டுப் பயனர்கள் பின்னாளில் கண்டுபிடித்தனர்: பூட்டுச் சிப்பின் நான்காம் ஊசியை வெட்டிவிட்டால் அது தன்னையே சாவி என்று நினைத்துக்கொள்ளும். 1993-இல் வந்த மேல்வாய் என்இஎஸ் கருவியில் பூட்டை நிறுவனமே நீக்கிவிட்டது.

அதே நிறுவனத்தின் சூப்பர் ஃபேமிகாமுக்கும் அமெரிக்க எஸ்என்இஎஸ்ஸுக்கும் இடையே நின்றது கேசட் செருகும் வாயிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் முளைகள்தான். குறடு ஒன்று கையிலிருந்தால் போதும், ஜப்பானிய ஆட்டம் ஓடும். நிண்டெண்டோ 64-இலும் இதே உத்தி தொடர்ந்தது. என்இசி-யின் பிசி எஞ்சினும் அதன் அமெரிக்க வடிவமான டர்போகிராஃபிக்ஸ்-16-உம் அட்டை வடிவில் ஒன்றுபோலவே இருந்தாலும், தரவு செல்லும் எட்டு ஊசிகளின் வரிசை தலைகீழ். சேகா மெகா டிரைவில் தொடக்கத்தில் கேசட்டின் உருவ வேறுபாடு மட்டுமே தடை. பின்னர் ஆட்டங்களே கருவியின் மண்டலத்தைக் கேட்டறிந்து மறுக்கத் தொடங்கின.

துணைக்கருவிகளின் வரலாறு இன்னும் சிக்கலானது. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸில் திரைப்பட வட்டு பார்க்க ரிமோட்டும் அதன் ஏற்பியும் தனியே வாங்க வேண்டும்; வட்டை ஓட்டும் மென்பொருளும் மண்டலக் குறியும் அந்தச் சிறிய ஏற்பிக்குள்தான் இருந்தன. நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸ் பூட்டற்றது. ஆனால் அதில் பொருத்தும் இ-ரீடரின் அமெரிக்க வடிவம் ஜப்பானிய அட்டைகளைப் படிக்காது. அதே நிறுவனத்தின் கேம்கியூபில் கேம் பாய் கேசட்டுகளை ஓட்டும் கேம் பாய் பிளேயர் எந்த நாட்டுக் கேசட்டையும் ஏற்றது. அதைத் தொடக்கிவைக்கும் வட்டுக்கு மட்டும் பூட்டு. மின்மாற்றிகளுக்கு யாரும் பூட்டுப் போடவில்லை, அது இன்னும் ஆபத்தாயிற்று: ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் நேர்மின்சாரம், என்இஎஸ்ஸுக்கு 9 வோல்ட் மாறுமின்சாரம், செருகியோ இரண்டிலும் பொருந்தும். மாற்றிச் செருகினால் ஃபேமிகாம் பழுதாகலாம்.

வட்டுகளின் காலத்தில் சோனி பிளேஸ்டேஷன் (1994) உள்விளிம்புத் தடத்தின் நெளிவில் எழுத்துகளைப் பதித்தது: ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. வீட்டில் எழுதும் வட்டில் இந்த நெளிவு வராது என்பதால் நகலையும் அயல்நாட்டு வட்டையும் ஒரே பூட்டு தடுத்தது. அந்த எழுத்துகளைப் போலியாக அனுப்பும் 'மாட் சிப்'கள் பெருகின. அவற்றைப் பொருத்தியவர்மீது சோனி தொடுத்த வழக்கில், ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 2005 அக்டோபரில் சோனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு திருத்திய சட்டமும், புவியியல் சந்தைப் பிரிப்புக்காக மட்டும் இருக்கும் தடைகளைப் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. அதே 2006-இல் ஹாங்காங்கின் லிக்-சாங் அஞ்சல் கடை, இறக்குமதி பிஎஸ்பி கையடக்கக் கருவிகள் தொடர்பான சோனி வழக்கை அடுத்து மூடப்பட்டது. பிஎஸ்பி ஆட்டங்களுக்கு மண்டலப் பூட்டே இல்லை என்பது இதில் விநோதம்.

பிளேஸ்டேஷன் 3 பூட்டைப் பெரும்பாலும் கைவிட்டது. 2012-இன் 'பெர்சோனா 4 அரீனா' அதில் அரிய விதிவிலக்கு. நிண்டெண்டோ எதிர்த்திசையில் சென்று, அதுவரை பெரும்பாலும் திறந்திருந்த கையடக்கக் கருவிகளில் 3டிஎஸ்ஸை (2011) பூட்டியது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு அறிவித்த மண்டலக் கட்டுப்பாட்டை மைக்ரோசாஃப்ட் எதிர்ப்புக்குப் பின் 2013 ஜூனில் திரும்பப் பெற்றது. 2017-இன் நிண்டெண்டோ ஸ்விட்ச் பூட்டின்றி வந்தது.

2025 ஜூனில் வெளியான ஸ்விட்ச் 2 ஜப்பானில் இரு வடிவங்களில் வந்தது. ஜப்பானிய மொழியும் ஜப்பானியக் கணக்கும் மட்டும் ஏற்கும் கருவியின் வெளியீட்டு விலை 49,980 யென். பன்மொழிக் கருவிக்கு அப்போது 69,980 யென்.