குதிக்கு அவசரம், கணுவுக்கு எண்ணெய்

கொழும்புத் தமிழ் வீடுகளில் கால் நோவுக்கு நடக்கும் வைத்தியம் பெரும்பாலும் தலைகீழானது. குதிக்கால் நொந்தால் எக்ஸ்ரே எடுக்க ஓடுகிறோம். கணுக்கால் பிரண்டு வீங்கினால் சித்தாலேப பூசி, நோவெண்ணெய் போட்டு உருவி, நாலு நாள் பார்ப்போம் என்கிறோம். முன்னதற்கு எக்ஸ்ரே அநேகமாகத் தேவையில்லை. பின்னதற்குத்தான் சில வேளை தேவை.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வழுவழுத்த தரையில் வெறுங்காலோடு நின்று மூன்று வேளையும் சமைப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் ஊசி குத்தினாற்போல் நோகும். கொஞ்சம் நடந்தால் தணியும். நாளெல்லாம் நின்றபின் பின்னேரம் திரும்ப வரும். குதியெலும்பிலிருந்து விரல்கள்வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டை, குதியோடு ஒட்டும் இடத்தில் நைந்துபோவதுதான் காரணம். இரவு முழுக்க சுருங்கிக் கிடந்த பட்டை முதல் அடியில் இழுபடுகிறது. நோ வரும் நேரத்தைக் கேட்டே வைத்தியர் பாதி கண்டுபிடித்துவிடுவார். எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்ததென்று கலங்குபவர்கள் பலர். நோவே இல்லாதவர்களின் குதியிலும் அந்த முள் இருப்பதுண்டு.

இதற்கு மருந்து பொறுமையும் பயிற்சியும். எழும்புமுன் விரல்களைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது, சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை நீட்டுவது, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு, கூடிய எடையைக் குறைப்பது. மாதக்கணக்கில் இழுத்தாலும் பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் மாறிவிடும். சில வாரப் பயிற்சிக்கும் அசையாவிட்டால், படுத்திருக்கும்போதும் நொந்தால், விறைத்தால், காய்ச்சலோ சிவப்போ சேர்ந்தால் வைத்தியரிடம் போக வேண்டும்.

கணுக்காலின் கதை வேறு. கொட்டாஞ்சேனையில் பஸ் முழுதாக நிற்குமுன் இறங்கி, நடைபாதை விளிம்பில் பாதம் உட்பக்கம் மடிந்தால், எலும்புகளை இணைக்கும் வெளிப்புற நார் இழுபடும் அல்லது கிழியும். சில வேளை எலும்பே வெடிக்கும். வீக்கத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீல் குழுவினர் வெளியிட்ட விதி இங்கே கைகொடுக்கிறது. பிரண்ட உடனேயும் பிறகு வைத்தியசாலையிலும் நொண்டியாவது நாலடி வைக்க முடிகிறதா? கணுக்காலின் இருபக்க மொளிகளின் நுனியையோ, அங்கிருந்து மேலே 6 சென்ரிமீற்றர்வரை பின்விளிம்பையோ அழுத்தினால் எலும்பில் நோகிறதா? சின்னவிரல் பக்கமாகப் பாதத்தின் நடுவே புடைத்த எலும்பும், உட்பக்க நடுப்பாத எலும்பும் எப்படி? நாலடி வைக்க முடியாவிட்டால், அல்லது இவற்றில் ஒன்று நொந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எல்லாம் சரியென்றால் முறிவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. வடிவம் கோணியிருந்தால், பாதம் குளிர்ந்து நிறம் மாறினால் விதியெல்லாம் பார்க்கத் தேவையில்லை, உடனே போக வேண்டும்.

முறிவு நெரிவு வைத்தியர்களோடு எனக்குப் பகையில்லை. புக்கை கட்டிக் காலை அசையாமல் வைப்பதில் அர்த்தமுண்டு. புதிதாகப் பிரண்ட காலை எண்ணெய் போட்டு உருவுவதைத்தான் ஏற்க முடியவில்லை. அது வீக்கத்தைக் கூட்டும். முறிவிருந்தால் எலும்பை விலக்கியும்விடும். முறிவில்லையென்று தெரிந்தபின் வாரக்கணக்கில் கட்டிலில் கிடப்பதும் பிழைதான். மெல்ல நடந்து, பிறகு ஒற்றைக்காலில் நின்று பழகாவிட்டால் அதே கால் திரும்பவும் பிரளும்.

ஆனால் இந்த இரண்டு கணக்கும் நீரிழிவால் உணர்ச்சி மங்கிய பாதத்தில் பொய்த்துவிடும். அந்தக் கால் முறிவோடும் நாலடி வைக்கும். ஆடிவேல் தேரோடு செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிவரை சுடுதாரில் வெறுங்காலோடு நடந்து, கொப்புளத்தை வீட்டுக்கு வந்தபின்தான் காணும். ஒரு பாதம் மட்டும் சூடாகி, சிவந்து, நோவில்லாமல் வீங்கினால் சுளுக்கென்று விடக்கூடாது. உள்ளே எலும்புகள் நொறுங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம். நீரிழிவுக்காரருக்கு நோவில்லாத வீக்கம்தான் கூடிய அவசரம்.

ஆகவே குதிக்கால்காரர் பயிற்சியைத் தொடங்குங்கள். பிரண்ட காலால் நாலடி வைக்க முடியாதவர் எண்ணெய்ப் போத்தலைத் தேடாமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். அந்த அம்புலன்சுக்கும் காசில்லை, கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்கும் காசில்லை.